தொடக்கப் பள்ளியில் திரை: எங்கே கைகொடுக்கும், எங்கே நேரத்தைத் தின்னும்?

இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வருவதால் பெற்றோர் பலருக்குக் குழப்பம். ஒன்று: தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகள், தொடக்க நிலை ஆசிரியர்கள் 79,723 பேருக்குக் கைக்கணினி. மற்றொன்று: மூன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளையால் இரண்டாம் வகுப்புப் பத்தியை வாசிக்க முடியவில்லை என்று சொல்லும் கணக்கெடுப்பு. பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் வீடு வீடாகச் சோதிக்கும் ஏசர் கணக்கெடுப்பின் 2024 அறிக்கைப்படி, இந்தியக் கிராமப்புற அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் 23.4 விழுக்காட்டினரே அப்படி வாசிக்கிறார்கள்.

சுவரில் பெரிய திரை வந்துவிட்டால் இந்த 23.4 உயருமா? உயரலாம், அப்படியே நிற்கலாம், சில நேரம் குறையவும் செய்யலாம். மூன்றுக்கும் உலகில் சான்று இருக்கிறது. எது நடக்கும் என்பதைத் தீர்மானிப்பது எது என்று அடியிலிருந்து பார்ப்போம்.

## தொடக்க வகுப்பில் நடக்க வேண்டிய வேலை

ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் ஒரு பிள்ளைக்கு மூன்று திறன்கள் வந்தாக வேண்டும். சரளமாக வாசித்துப் பொருள் புரிந்துகொள்வது, நினைத்ததை எழுதுவது, கூட்டல் கழித்தல் பெருக்கல் வகுத்தலைக் காரணம் தெரிந்து போடுவது. இவை எதுவுமே பிறர் சொல்லக் கேட்டு மட்டும் வந்துவிடாது. பிள்ளை வாய்விட்டு வாசிக்க வேண்டும், அதை ஒருவர் காதுகொடுத்துக் கேட்க வேண்டும், தவறிய இடத்தில் உடனே திருத்த வேண்டும், பிள்ளை மறுபடி வாசிக்க வேண்டும். இந்தச் சுற்று ஒரு நாளில் எத்தனை முறை நடக்கிறது என்பதுதான் தொடக்கக் கல்வியின் உயிர்.

இப்போது நேரக் கணக்கைப் போடுவோம். 2009 கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 கற்பித்தல் மணி என்று வரையறுக்கிறது. நாளுக்கு 4 மணி, அதாவது 240 நிமிடம். அதே சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்பு, இரண்டு பேர். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளை ஒரே அறையில் வைத்துப் பாடம் எடுப்பது சர்வசாதாரணம். அந்த அறையில் 20 பிள்ளைகள் என்றால், 240 நிமிடத்தையும் தனித்தனிக் கவனிப்புக்கே கொடுத்தாலும் ஒரு பிள்ளைக்கு 12 நிமிடம்தான் வரும். வருகைப் பதிவு, காலை உணவு, மதிய உணவு, பதிவேடு எல்லாம் போக உண்மையில் கிடைப்பது அதில் ஒரு சிறு பகுதி.

எந்தக் கருவி வந்தாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதிலிருந்தே பிறக்கிறது: அந்தச் சில நிமிடங்களை இது கூட்டுகிறதா, குறைக்கிறதா?

## நான்கு வகைக் கருவிகள்

அறிவிப்புகளில் எல்லாமே ‘தொழில்நுட்பம்’ என்று ஒரே மூட்டையாக வரும். செய்யும் வேலையை வைத்துப் பிரித்தால் நான்கு.

1. காட்டும் கருவி: ஸ்மார்ட் போர்டு, புரொஜெக்டர், 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, 2018 முதல் புதிய பாடநூல்களில் அச்சாகிவரும் கியூஆர் கோடு வழியே திறக்கும் வீடியோ.

2. பயிற்சி தரும் கருவி: பிள்ளையே கையாளும் கணினி அல்லது செயலி. கேள்வி கேட்கும், விடையைப் பார்த்து அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கும்.

3. ஆசிரியருக்கான கருவி: பாடத்திட்டக் குறிப்பு, செயல்பாட்டு யோசனை, பயிற்சிக் காணொலி ஆகியவற்றை ஆசிரியர் கையில் கொண்டுவந்து தரும் கைக்கணினி.

4. கணக்கெடுக்கும் கருவி: வருகை, மதிப்பீடு, எமிஸ் (பள்ளித் தகவல்களைத் திரட்டும் அரசு இணையத்தளம்) பதிவு. இது கற்றலுக்கு நேரடியாக எதையும் தருவதில்லை. திரட்டிய தகவல் வகுப்பறைக்குத் திரும்பி வந்தால்தான் பயன்.

இந்த நான்குக்கும் கிடைத்துள்ள ஆய்வு முடிவுகள் வெவ்வேறானவை. ஒன்றில் கிடைத்த வெற்றியைக் காட்டி இன்னொன்றை வாங்கச் சொல்லும் விளம்பரங்களைப் பெற்றோரும் ஆசிரியர்களும் அடையாளம் காண இந்தப் பிரிவினை தேவை.

## 52-இலிருந்து 27-ஐக் கழித்தால்

மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று 52 − 27 = 35 என்று எழுதுகிறது. சரியான விடை 25. கவனக்குறைவில் வந்த பிழை என்று இதை விட்டுவிட முடியாது. ஒன்றாம் இடத்தில் 2-இலிருந்து 7 போகாது என்றதும் பிள்ளை தலைகீழாக்கி 7-இலிருந்து 2-ஐக் கழித்து 5 என்று எழுதியிருக்கிறது. பத்தாம் இடத்தில் 5-இலிருந்து 2 போக 3. ‘எப்போதும் பெரியதிலிருந்து சின்னதைக் கழி’ என்ற விதியைத் தானே உருவாக்கிக்கொண்டு அதைப் பிசகாமல் பின்பற்றியிருக்கிறது. 63 − 28 கொடுத்தால் 45 என்றும், 41 − 19 கொடுத்தால் 38 என்றும் எழுதும்.

இந்தப் பிள்ளைக்கு முன்னால் ஒவ்வொரு கருவியாக வைத்துப் பார்ப்போம்.

ஸ்மார்ட் போர்டில் கடன் வாங்கிக் கழிக்கும் வீடியோ ஓடுகிறது. படம் அழகாக இருக்கிறது, குரல் தெளிவாக இருக்கிறது. பிள்ளை ரசித்துப் பார்க்கிறது. ஆனால் தன் விதி தவறு என்று அதற்குத் தெரிய வாய்ப்பே இல்லை. வீடியோவுக்கு அந்தப் பிள்ளையின் நோட்டு தெரியாது.

மட்டமான செயலி ‘தவறு’ என்று சிவப்பைக் காட்டிவிட்டு அடுத்த கணக்கைக் கொடுக்கும். அதற்கும் அதே விதி, அதே தவறு. பத்துக் கணக்கு முடிந்ததும் பிள்ளைக்குப் புரிவது ‘எனக்குக் கணக்கு வராது’ என்பது மட்டுமே.

நல்ல செயலி 35 என்ற விடையைப் பார்த்தவுடன் பிழையின் வகையைக் கண்டுகொள்ளும். ஒரு பத்தைப் பிரித்துப் பத்து ஒன்றுகளாக்கும் படத்துக்குப் பிள்ளையைப் பின்னோக்கி அழைத்துப் போகும். இப்படிச் செய்யும் மென்பொருள்கள் இருக்கின்றன; எண்ணிக்கையில் குறைவு.

அனுபவமுள்ள ஆசிரியர் நோட்டைப் பார்த்த நொடியே இதைக் கண்டுபிடித்துவிடுவார். பத்துக் குச்சிக் கட்டு ஒன்றைப் பிரித்துப் போடச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் தெளிவாகிவிடும். சிக்கல், அந்த ஐந்து நிமிடம் இருபது நோட்டுக்கும் கிடைப்பதில்லை என்பதுதான். கருவிக்கு வகுப்பறையில் உண்மையான இடம் இருக்கிறது என்றால் அது இங்கேதான்: ஆசிரியர் மூன்றாம் வகுப்போடு உட்கார்ந்திருக்கும்போது இரண்டாம் வகுப்பு சும்மா இருக்காமல் தன் நிலைக்கேற்ற பயிற்சியைச் செய்வதற்கு.

## ஆய்வுகள் என்ன காட்டின?

இந்த வாதம் வெறும் ஊகமாக நின்றுவிடவில்லை. இருபது ஆண்டுகளாகப் பல நாடுகளில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

1. கருவியை மட்டும் கொடுத்தால் மாற்றமில்லை. 2005-இல் ‘பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி’ என்ற பெரும் கனவு அறிவிக்கப்பட்டது. அதை மிகப் பெரிய அளவில் செயல்படுத்திய நாடு பெரு. அங்கே 319 கிராமத் தொடக்கப் பள்ளிகளில் 15 மாதம் கழித்து ஆராய்ந்தபோது கணினிப் பயன்பாடு பெருமளவு கூடியிருந்தது. கணக்கிலும் மொழிப்பாடத்திலும் முன்னேற்றம் தென்படவில்லை. பாடத்தோடு பொருந்திய பயிற்சி அந்தக் கணினியில் இல்லை, அதை வகுப்பில் எப்படிப் பயன்படுத்துவது என்ற வழிகாட்டலும் போதவில்லை.

2. அதே கருவி, தக்க பயிற்சியோடு வந்தால் பலன். குஜராத்தின் வடோதரா நகரத் தொடக்கப் பள்ளிகளுக்கு 2000-இல் தலா நான்கு கணினிகள் வந்தன. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் பிள்ளைகள் அவற்றைத் தொட்டதே அரிது; பல கணினிகள் பெட்டியிலேயே கிடந்தன. பிறகு பிரதம் தொண்டு நிறுவனம் நான்காம் வகுப்புக்கு வாரம் இரண்டு மணி நேரக் கணக்கு விளையாட்டுகளை அந்தக் கணினிகளில் நடத்தியது. ஒரு கணினிக்கு இரண்டு பிள்ளைகள், கேள்வியின் கடினம் பிள்ளையின் நிலைக்கேற்ப மாறும். பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வின்படி கணக்கு மதிப்பெண் முதல் ஆண்டில் 0.35 திட்ட விலக்கமும், இரண்டாம் ஆண்டில் 0.47-உம் உயர்ந்தது. எளிதாகச் சொன்னால், நூறு பேர் வரிசையில் நட்டநடுவில், 50 பேரை முந்தி நின்ற பிள்ளை முதல் ஆண்டிலேயே 64 பேரை முந்தி நிற்பதுபோன்ற மாற்றம். மொழிப்பாடத்தில் மாற்றமில்லை. திட்டம் நின்று ஓராண்டு ஆனபோது கணக்கில் கிடைத்த பலனின் பெரும்பகுதியும் கரைந்துவிட்டது. இந்தக் கடைசி வரியைப் பலர் மேற்கோள் காட்டும்போது விட்டுவிடுகிறார்கள். ஓராண்டு சோதனைத் திட்டம் போட்டுப் படமெடுத்துக்கொள்வோருக்கு அதுவே முக்கியமான வரி.

3. ஆசிரியரின் நேரத்தை எடுத்துக்கொண்டால் இழப்பு. அதே குஜராத்தில் ‘ஞான் சாலா’ என்ற தொண்டு நிறுவனத்தின் இரண்டாம், மூன்றாம் வகுப்புகளில் ஒரு கணினிக் கணக்குத் திட்டம் இரண்டு விதமாகச் சோதிக்கப்பட்டது. வகுப்பு நேரத்துக்குள், ஆசிரியர் பாடத்துக்குப் பதிலாக நடத்தியபோது மதிப்பெண் 0.57 திட்ட விலக்கம் குறைந்தது. வகுப்பு முடிந்தபின், கூடுதலாக நடத்தியபோது 0.28 உயர்ந்தது. மென்பொருள் ஒன்றே, பிள்ளைகள் அதே வகையினர், விளைவு மட்டும் எதிரெதிர். கொள்கை வகுப்போர் மேசையில் ஒரே ஒரு ஆய்வைத்தான் வைக்க முடியும் என்றால் இதை வைக்கலாம்.

4. மனிதரும் சேர்ந்தால் வலு. டெல்லியில் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்துக்கு வெளியே நாளுக்கு 45 நிமிடம் மென்பொருள், 45 நிமிடம் சிறு குழுவாக ஒருவர் சொல்லிக்கொடுப்பது என்று நடத்தினார்கள். நாலரை மாதத்தில் கணக்கில் 0.37, இந்தியில் 0.23 திட்ட விலக்க உயர்வு. ஆறாம் வகுப்பில் இருந்தவர்கள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள்; மென்பொருள் அவர்களுக்கு ஆறாம் வகுப்புப் பாடத்தைத் திணிக்காமல் அவர்கள் நின்ற இடத்திலிருந்தே தொடங்கியது. இவர்கள் தொடக்க வகுப்பினர் அல்லர் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் பின்தங்கல் தொடங்கிய இடம் தொடக்க வகுப்புதான்.

தமிழ்நாட்டில் 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் கையில் எடுத்திருப்பதும் இந்த அடிப்படையைத்தான். பிள்ளை எந்த வகுப்பில் இருந்தாலும் அதன் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பயிற்றுவிப்பது. பிரிப்பதற்குக் கணினி தேவையில்லை. மூன்று குழுவையும் ஒரே ஆளாகச் சமாளிப்பதற்குத்தான் உதவி வேண்டும்.

## தமிழ் வாசிப்பில் தனிச் சிக்கல்

கணக்குச் செயலிகளுக்குக் கிடைத்த பலன் வாசிப்புக்கு அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. கணக்கில் விடை ஓர் எண். கருவி அதைச் சரிபார்த்துவிடும். வாசிப்பில் விடை பிள்ளையின் குரல்.

தமிழில் ‘கொ’ என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, ஒலியோ இரண்டுக்கும் நடுவிலுள்ள க-விலிருந்து தொடங்குகிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொரு குறியாக ஒலித்துப் பழகும் பிள்ளைக்கு இது பெரிய முடிச்சு. 247 எழுத்தையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வைப்பதைவிட, உயிர்க்குறி எப்படிச் சேர்கிறது என்ற ஒழுங்கைப் பிடிக்கவைப்பதே வழி. இதைக் காட்டுவதற்குத் திரை நன்றாகவே பயன்படும். க-வோடு ஒவ்வொரு குறியும் வந்து ஒட்டுவதை அசைவோடு காட்டக் கரும்பலகையால் முடியாது.

ஆனால் காட்டியபின் விரல் எழுத வேண்டும். தட்டச்சு செய்து எழுத்தைப் பழகிய சிறு பிள்ளைகளைவிடக் கையால் எழுதிப் பழகியவர்கள் பின்னர் அந்த எழுத்தை நன்றாக அடையாளம் காண்கிறார்கள் என்று பிரான்சில் மழலையரிடம் செய்த ஆய்வு காட்டியது. ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் சிலேட்டையும் மணலையும் எழுதுபலகையையும் திரைக்காக ஒதுக்குவது நஷ்டம்.

குரலைக் கேட்டுத் திருத்தும் செயலிகளும் வந்துள்ளன. கூகுளின் ‘ரீட் அலாங்’ தமிழிலும் கிடைக்கிறது. 2022 ஜூனில் இல்லம் தேடிக் கல்வி மையங்கள் வழியே நடந்த வாசிப்பு மாரத்தானில் அது பயன்பட்டது. ஆசிரியர் முன் வாய் திறக்கக் கூசும் பிள்ளை போனிடம் தயங்காமல் வாசிக்கும். வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் இல்லாத பிள்ளைக்கு இது பெரிய துணை. வகுப்பறையில் நிலைமை வேறு. இருபது குரல் ஒரே அறையில் எழும்போது மைக்குக்கு யார் வாசிப்பது என்று பிரித்தறிவது கடினம். வட்டாரப் பேச்சில் ழகரத்தை ளகரமாகவோ யகரமாகவோ ஒலிக்கும் பிள்ளைக்கு உண்மையில் எழுத்துத் தெரியவில்லையா, ஒலிப்புதான் வேறா என்று பிரித்தறிய இன்றும் ஆசிரியரின் காதுதான் வேண்டும்.

## பள்ளி மூடியிருந்த நாட்கள் சொன்னது

கொரோனா காலத்தில் உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் இதைச் சோதிக்க நேர்ந்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு, நீண்ட மூடலால் பெரும் கற்றல் இழப்பு ஏற்பட்டதையும், பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டதையும் பதிவு செய்தது. மீண்டதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்குக் காரணம் இல்லம் தேடிக் கல்வி: உள்ளூர்த் தன்னார்வலர் ஒருவர், மாலையில் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம், தெருவில் உள்ள பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தது.

ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவில் இன்னும் எளிய கருவி: சாதாரண பட்டன் போன். வாரம் ஒரு முறை பயிற்றுநர் ஒருவர் அழைத்துச் சுமார் இருபது நிமிடம் பிள்ளையோடு கணக்குப் போட்டார். கணக்கை எஸ்எம்எஸ்ஸில் மட்டும் அனுப்பிய குழுவில் தெளிவான பலன் கிடைக்கவில்லை. எஸ்எம்எஸ்ஸோடு அழைப்பும் சேர்ந்த குழுவில் மதிப்பெண் உயர்ந்தது.

இதற்கும் வெகு முன்பே, 1970-களில், நிகராகுவா நாட்டில் வானொலி வழியே தொடக்க வகுப்புக் கணக்கு நடந்தது. வானொலி ஒரு கேள்வி கேட்டுவிட்டு நிறுத்தும். அறை முழுவதும் பிள்ளைகள் சத்தமாக விடை சொல்வார்கள். பிறகு வானொலி சரியான விடையைச் சொல்லும். அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கணக்கில் முன்னேறினார்கள். ஸ்மார்ட் போர்டை வைத்திருக்கும் எந்த ஆசிரியரும் நாளைக்கே இதைச் செய்யலாம்: இருபது நிமிட வீடியோவை ஒரேயடியாக ஓடவிடாமல் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தி, ‘அடுத்து என்ன வரும், நோட்டில் எழுது’ என்று சொல்வது.

## ஆசிரியர் கையிலுள்ள கைக்கணினி

கென்யாவின் கிசுமு பகுதியில் தொடக்க வகுப்பு வாசிப்புக்காக மூன்று ஏற்பாடுகளை ஒப்பிட்டார்கள்: பிள்ளைகளுக்கு மின்வாசிப்பான், ஆசிரியர்களுக்கு டேப்லெட், பள்ளிக்கு வந்து ஆசிரியருக்கு வழிகாட்டுவோருக்கு மட்டும் டேப்லெட். வாசிப்பில் மூன்றுக்கும் சொல்லத்தக்க வித்தியாசமில்லை. செலவிலோ மூன்றாவது மிகக் குறைவு. நம் ஊரில் வட்டார வளமையத்திலிருந்து வரும் ஆசிரியர் பயிற்றுநருக்கு நிகரான ஆட்கள் அவர்கள். பாடம் நடக்கும்போது உட்கார்ந்து கவனித்து, எந்தப் பிள்ளை எங்கே திணறுகிறது என்று குறித்து ஆசிரியரோடு பேசுவதற்குக் கருவி உதவியது.

ஆசிரியரின் கைக்கணினி பாடத்துக்கு உதவுகிறதா, பதிவுக்கு மட்டும் பயன்படுகிறதா என்பதே இங்குள்ள கேள்வி. எண்ணும் எழுத்தும் திட்டத்தின் மதிப்பீடுகளைச் செயலியில் நடத்த வேண்டியிருந்ததை ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்ததற்குக் காரணம் சோம்பல் இல்லை. ஒரு பிள்ளையை மதிப்பிட ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால்கூட இருபது பிள்ளைக்கு 100 நிமிடம். ஒரு நாளின் 240 நிமிடத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல். நெட்வொர்க் சிக்னல் விட்டு விட்டு வரும் ஊரில் இன்னும் கூடும். அந்த மதிப்பீட்டின் முடிவு மறுநாளே ‘இந்த நான்கு பேருக்கும் கடன் வாங்கிக் கழித்தல் வரவில்லை’ என்று ஆசிரியருக்குத் திரும்பி வந்தால் 100 நிமிடத்துக்கு நியாயம் உண்டு. மேலிடத்து அட்டவணையை நிரப்ப மட்டுமே போகிறது என்றால் அது பிள்ளையிடமிருந்து எடுத்த நேரம்.

## கண், தகவல்

கிட்டப்பார்வை பற்றிப் பெற்றோர் கவலைப்படுவது சரியே. சீனாவின் குவாங்சோ நகரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே கூட்டிப்போனார்கள். மூன்று ஆண்டில் கிட்டப்பார்வை புதிதாக வந்தவர்கள் அந்தப் பள்ளிகளில் 30.4 விழுக்காடு, மற்றப் பள்ளிகளில் 39.5. ஆகவே திரைக்கான நேரத்தை விளையாட்டுப் பாடவேளையிலிருந்து எடுக்கவே கூடாது.

தகவல் பாதுகாப்பைப் பொறுத்தவரை, 2023-இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தைகளாகவே கருதுகிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. இலவசம் என்று சொல்லிப் பள்ளிக்கு வரும் தனியார் செயலிகளிடம் இதைக் கேட்டாக வேண்டும்.

## பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேட்க வேண்டியவை

கல்வி உரிமைச் சட்டப்படி இக்குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். திரை, கணினி பற்றிப் பேச்சு வரும்போது பின்வருவனவற்றைத் தயங்காமல் கேட்கலாம்.

1. திரை ஓடும் நேரத்தில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? எழுதுகிறார்களா, பதில் சொல்கிறார்களா, பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறார்களா? ஒரு நாள் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள்.

2. அந்த நேரம் எதிலிருந்து எடுக்கப்பட்டது? வாய்விட்டு வாசிக்கும் நேரத்திலிருந்தா, விளையாட்டிலிருந்தா, சும்மா காத்திருந்த நேரத்திலிருந்தா? மூன்றாவது என்றால் மகிழ்ச்சி.

3. ஓர் ஆசிரியர் ஒரு வகுப்போடு இருக்கும்போது மற்ற வகுப்புகளுக்கு இந்தக் கருவி பயிற்சி தருகிறதா? ஈராசிரியர் பள்ளிக்கு இதைவிடப் பெரிய பயன் வேறில்லை.

4. பழுதானால் யாரைக் கூப்பிட வேண்டும், எத்தனை நாளில் வருவார்கள், இணையக் கட்டணமும் மின்கட்டணமும் யார் பொறுப்பு? இதற்கு எழுத்தில் பதில் இல்லாத பள்ளியில், வடோதராவின் பெட்டி பிரிக்காத கணினிகளுக்கு நேர்ந்ததே நேரும்.

5. பருவத் தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பத்தியை எப்படி வாசித்தது என்று குறித்து வைத்திருக்கிறார்களா? அந்தக் குறிப்பு இருந்தால், பருவ முடிவில் அதே பத்தியளவு பாடத்தை மறுபடி வாசிக்கச் சொல்லிப் பெற்றோரே வித்தியாசத்தைக் காதால் கேட்டுவிடலாம். அதற்கு ஒரு தாளும் பேனாவும் போதும்.